சவரன் காசு அடிக்கும் ராயல் மின்ட்... குடும்பத்தோடு உள்ளே போனால் என்ன பார்க்கலாம்? நம்ம 10 ரூபாய் காயினுக்கும் இதில் ஒரு பாடம் இருக்கு!

தங்கம் விலை நோட்டிஃபிகேஷனில் தினமும் தவறாமல் இடம்பிடிக்கும் சொல் 'சவரன்'. ஒரு சவரன் என்றால் 8 கிராம் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஏன் 8? பத்து கிராம் என்று முழுசாக வைத்திருக்கலாமே?

விடை ஒரு நாணயத்தில் இருக்கிறது. 'சாவரின்' என்ற பிரிட்டிஷ் தங்க நாணயத்தின் எடை 7.98 கிராம், தரம் 22 காரட். அந்த நாணயத்தின் பெயர்தான் நம் ஊர் நாக்கில் 'சவரன்' ஆனது. அதன் முகமதிப்பு ஒரு பவுண்டு. அதிலிருந்துதான் 'பவுன்' வந்தது. விக்டோரியா ராணி தலை போட்ட சாவரின் காசுகளைக் கோத்து காசுமாலை செய்து போட்ட காலமும் இங்கே உண்டு.

அந்த சாவரினை இன்றைக்கும் அடித்துக்கொண்டிருக்கிற இடம், பிரிட்டனின் 'ராயல் மின்ட்'. வேல்ஸ் பகுதியில், கார்டிஃப் நகரத்துக்குப் பக்கத்தில் லான்ட்ரிசன்ட் என்ற ஊரில் இருக்கிறது. ஒரு நாட்டின் பணம் தயாராகும் இடம் என்றால் ஈ, எறும்பு கூட உள்ளே போக முடியாது என்றுதான் நினைப்போம். ஆனால் 2016 முதல் இங்கே டிக்கெட் எடுத்து, குழந்தை குட்டிகளோடு போய்ப் பார்க்கலாம். போதாக்குறைக்கு ஒரு நாணயத்தை நீங்களே அடித்து கையோடு கொண்டுவரலாம்.

பாதுகாப்பு அவ்வளவு முக்கியமான ஓர் இடத்தை எதற்காகப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள்? உள்ளே என்ன இருக்கிறது? பிரிட்டன் போக வாய்ப்பில்லாதவர்களுக்கு இதில் என்ன இருக்கு? வாங்க, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

லண்டனை விட்டு வேல்ஸுக்குப் போனது ஏன்?

ராயல் மின்ட் தன் வரலாற்றை 1,100 ஆண்டுகளுக்கும் மேல் என்று சொல்கிறது. அதில் ஏறத்தாழ 500 ஆண்டுகள் லண்டன் கோட்டைக்குள்ளேயே நாணயம் அடித்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோட்டைக்கு வெளியே, டவர் ஹில் பகுதிக்கு மாறினார்கள்.

அங்கிருந்தும் கிளம்ப வைத்தது ஒரு கணக்கு. அப்போதெல்லாம் பிரிட்டனில் 12 பென்னி ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு. அதாவது ஒரு பவுண்டுக்கு 240 பென்னி. நம் ஊரில் ஒரு ரூபாய்க்கு 16 அணா இருந்த மாதிரி. இந்தியா 1957 ஏப்ரல் 1 அன்று ஒரு ரூபாய்க்கு 100 காசு என்று மாறிவிட்டது. நாலணா, எட்டணா என்ற பேச்சு மட்டும் மிச்சம். பிரிட்டன் அதே மாற்றத்தை 1971 பிப்ரவரி 15 அன்றுதான் செய்தது.

ஒரு நாடு முழுவதற்கும் புதுக் காசு வேண்டும் என்றால் கோடிக்கணக்கில் அடிக்க வேண்டும். டவர் ஹில்லில் அதற்கு இடம் இல்லை. அப்போது நிதியமைச்சராக இருந்த ஜேம்ஸ் காலகன், கார்டிஃப் தொகுதி எம்.பி. புது ஆலை அவருடைய தொகுதிக்குப் பக்கத்திலேயே வந்தது. 1968 டிசம்பர் 17 அன்று ராணி இரண்டாம் எலிசபெத் திறந்துவைத்தார். 1975இல் லண்டனில் கடைசி நாணயம் அடிக்கப்பட்டது. அந்தக் கடைசி நாணயமும் ஒரு சாவரின்தான்.

இந்தியாவோடும் இதற்கு நேரடித் தொடர்பு இருக்கு. முதல் உலகப் போர் காலத்தில், 1918இல், ராயல் மின்ட் மும்பையில் ஒரு கிளை நடத்தி, ஏறத்தாழ 13 லட்சம் சாவரின்களை அடித்தது. அவற்றில் இந்தியாவைக் குறிக்கும் ஆங்கில 'ஐ' எழுத்து சின்னதாக இருக்கும். தாத்தா பாட்டி காலத்துக் காசு வீட்டில் இருந்தால் ஒரு லென்ஸ் வைத்துப் பாருங்கள்.

உள்ளே போனால் என்ன நடக்கும்?

முதலில் வழிகாட்டியோடு ஆலைச் சுற்றுலா. தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று, அந்தப் பக்கம் ஓடும் எந்திரங்களைப் பார்க்கலாம். ஆலைப் பகுதிக்குள் ஃபோட்டோ, வீடியோவுக்கு அனுமதி இல்லை. ரீல்ஸ் போடும் திட்டம் இருந்தால் மறந்துவிடுங்கள்.

நாணயம் தயாராகும் கதை சுருக்கமாக இதுதான்:

- உலோகத்தை உருக்கி, நீளமான பட்டையாக வார்த்து, வேண்டிய கனத்துக்கு உருளைகளில் தேய்த்து மெல்லியதாக்குவார்கள்.
- அந்தப் பட்டையிலிருந்து வட்ட வட்டமாக வெட்டி எடுப்பார்கள். சப்பாத்தி மாவில் டம்ளரைக் கவிழ்த்து பூரிக்கு வட்டம் போடுவது போலத்தான். இதற்குப் பெயர் 'பிளாங்க்', அதாவது முத்திரை விழாத வெறும் வில்லை. மீதித் துண்டுகள் திரும்ப உருக்கப் போகும்.
- வில்லைகளைச் சூளையில் சூடேற்றி இளக்குவார்கள். இளகாத உலோகத்தில் முத்திரை சரியாகப் பதியாது. பிறகு கழுவி, உலர்த்துவார்கள்.
- சில நாணயங்களுக்கு மேல்பூச்சு உண்டு. பிரிட்டனின் 1 பென்னி, 2 பென்ஸ் காசுகள் 1992 முதல் எஃகின் மேல் தாமிரம் பூசியவை. அதனால் அவை காந்தத்தில் ஒட்டும்.
- கடைசியாக அச்சு எந்திரம். மேலே ஓர் அச்சு, கீழே ஓர் அச்சு, நடுவில் வில்லை. பல டன் அழுத்தத்தில் ஒரே அடி. தலை, பூ இரண்டும் ஒரே நேரத்தில் பதியும். ஓர் எந்திரம் நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கில் அடித்துத் தள்ளும்.

அடுத்தது கண்காட்சி. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் வீரர்களின் கழுத்தில் விழுந்த பதக்கங்களும் இந்த ஆலையில் தயாரானவைதான். ஒலிம்பிக், பாராலிம்பிக் இரண்டுக்குமாக மொத்தம் 4,700 பதக்கங்கள்.

குழந்தைகள் ஆசையாகக் காத்திருப்பது இதற்கு அடுத்த இடத்துக்குத்தான். தனிக் கட்டணம் கொடுத்து, உங்களுக்கென்று ஒரு நாணயத்தை அடித்துக்கொள்ளலாம். வில்லை உள்ளே போகும், பட்டனை அழுத்த வேண்டும், எந்திரம் 'டொக்' என்று ஒரு அடி அடிக்கும், பளபளவென்று காசு வெளியே வரும். டிசைன் காலத்துக்குக் காலம் மாறும்.

இது நாட்டுக்காகப் பணம் அடிக்கும் ஆலை, இங்கே வேலை நாட்களில் எந்திரம் ஓடினால்தான் சுற்றுலாவில் சுவாரஸ்யம். அதனால் போவதாக இருந்தால் அதிகாரப்பூர்வ இணையதளத்தில் நேரம், கட்டணம் பார்த்து முன்பதிவு செய்துகொள்வது நல்லது.

சில்லறையிலேயே ஒரு விளையாட்டு

பிரிட்டனில் நாணயத்தை வைத்துக் குடும்பமாக விளையாட, ஆலைக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. 2008இல் வந்த டிசைன்களில் 1 பென்னி முதல் 50 பென்ஸ் வரை ஆறு காசுகளின் பின்பக்கத்தையும் சரியாக அடுக்கினால், அரச குடும்பத்தின் முழுக் கேடயச் சின்னமும் வந்துவிடும். சட்டைப் பையில் இருக்கும் சில்லறையே ஜிக்சா பஸிள்!

2023இல் மன்னர் மூன்றாம் சார்லஸ் காலத்துக்கான புது வரிசை வந்தது. 1 பென்னியில் ஒரு குட்டி எலி வகை, 2 பென்ஸில் சிவப்பு அணில், 50 பென்ஸில் சால்மன் மீன், 1 பவுண்டில் தேனீக்கள். மதிப்பைக் காட்டும் எண்ணைப் பெரியதாகப் போட்டார்கள். எண்ணிப் பழகும் குழந்தைகளுக்கு அது உதவும் என்பதுதான் சொல்லப்பட்ட காரணம்.

இன்னொரு சின்ன விஷயம். ராணி எலிசபெத் முகம் வலப்பக்கம் பார்க்கும், சார்லஸ் முகம் இடப்பக்கம் பார்க்கும். ஒரு மன்னர் பார்த்த திசைக்கு எதிர்த் திசையில் அடுத்தவர் பார்ப்பது பிரிட்டன் நாணயங்களில் நூற்றாண்டுகளாகத் தொடரும் வழக்கம்.

அபூர்வக் காசு தேடுவதும் அங்கே பலருக்குப் பொழுதுபோக்கு. 2009இல் கியூ தாவரவியல் பூங்காவுக்காக அடிக்கப்பட்ட 50 பென்ஸ், மொத்தம் 2,10,000 மட்டுமே. கடையில் மீதி வாங்கும்போது அது வந்துவிடாதா என்று ஒவ்வொரு காசாகத் திருப்பிப் பார்ப்பார்கள்.

நியூட்டனுக்கு இங்கே என்ன வேலை?

ஆப்பிள் கதை ஐசக் நியூட்டனைத்தான் நமக்குத் தெரியும். அவர் வாழ்க்கையின் கடைசி 30 ஆண்டுகள் கழிந்தது ராயல் மின்ட் அதிகாரியாக. 1696இல் வார்டன் பதவியில் சேர்ந்தார். 1699இல் தலைமைப் பொறுப்புக்கு வந்தார். 1727இல் இறக்கும் வரை அதில் இருந்தார்.

அவர் வந்தபோது நாட்டின் பணமே ஆட்டம் கண்டிருந்தது. அன்று வெள்ளிக் காசின் மதிப்பு அதில் இருக்கும் வெள்ளிதான். கையால் அடித்த பழைய காசுகளின் ஓரத்தை நைசாகச் சுரண்டி, வெள்ளியைச் சேர்த்துக்கொண்டு, தேய்ந்த காசைத் திரும்பக் கடையில் தள்ளினார்கள். இன்னொரு பக்கம் கள்ளக் காசு. ஒரு காசைப் பார்த்தால் அது அசலா, முழு எடையா என்ற சந்தேகம் எல்லோருக்கும். சந்தேகம் வந்துவிட்டால் வியாபாரம் எப்படி நடக்கும்?

1696இல் பழைய வெள்ளிக் காசுகளைத் திரும்பப் பெற்று, எந்திரத்தில் அடித்த புதுக் காசு கொடுக்கும் பெரிய வேலை தொடங்கியது. எந்திரக் காசின் விளிம்பில் வரிக்கோடுகளோ எழுத்துகளோ இருக்கும். சுரண்டினால் கோடு போய்விடும், திருட்டு தெரிந்துவிடும். அவ்வளவுதான் சூத்திரம். இன்றைக்கும் பல நாணயங்களின் ஓரத்தைத் தடவினால் விரலில் படும் அந்தச் சொரசொரப்பு, அலங்காரத்துக்காக வந்தது அல்ல.

கள்ளக் காசு அடிப்பவர்களைப் பிடிக்கும் வேலையையும் நியூட்டன் விடவில்லை. சாட்சிகள், உளவு சொல்பவர்கள், சந்தேக நபர்கள் என நூற்றுக்கும் மேற்பட்ட விசாரணைகளைத் தானே நடத்தினார். வில்லியம் சாலனர் என்ற பெரிய கள்ளக் காசுக்காரன் 1699இல் தூக்கிலிடப்பட்டதில் முக்கியப் பங்கு நியூட்டனுடையது.

ஆலையையே சோதிக்கும் நீதிமன்றம்

திருடனைப் பிடிக்க ஆள் இருக்கு. ஆலையே ஏமாற்றினால்? அரசே தங்கத்தைக் குறைத்து அடித்தால்?

அதற்கும் ஒரு ஏற்பாடு உண்டு. 'பிக்ஸ் விசாரணை' என்று பெயர். 1282ஆம் ஆண்டு முதல் இதற்குப் பதிவு இருக்கிறது. ராயல் மின்ட் அடிக்கும் நாணயங்களிலிருந்து அங்கொன்றும் இங்கொன்றுமாக எடுத்து ஒரு பெட்டியில் தனியாக வைப்பார்கள். அந்தப் பெட்டிதான் 'பிக்ஸ்'. ஆண்டுக்கு ஒருமுறை லண்டனில் பொற்கொல்லர் சங்க மண்டபத்தில் அதைத் திறந்து, சங்கத்தின் நடுவர்கள் எண்ணுவார்கள். எடை, அளவு, உலோகத்தின் தரம் எல்லாம் சோதிப்பார்கள். பிறகு நீதிமன்றம் போலவே தீர்ப்பு. 'குற்றவாளிக் கூண்டில்' நிற்பது ஆலை. இன்றும் இது நடக்கிறது.

இவ்வளவு இருந்தும் ஏமாற்று நின்றுவிட்டதா என்றால், இல்லை. பழைய வட்ட வடிவ 1 பவுண்டு நாணயத்தில் ஒரு கட்டத்தில் முப்பதுக்கு ஒன்று போலி என்று கணக்கிட்டார்கள். பிரிட்டன் என்ன செய்தது? 2017 மார்ச் 28 அன்று 12 பக்கங்கள் கொண்ட, இரண்டு உலோகங்களாலான புது நாணயத்தை இறக்கியது. சாய்த்துப் பார்த்தால் பவுண்டு குறி எண் 1 ஆக மாறும். கண்ணுக்கு எட்டாத பொடி எழுத்துகளும் உண்டு. பழைய வட்டக் காசு அதே ஆண்டு அக்டோபர் 15 அன்று செல்லாததாக அறிவிக்கப்பட்டது. எது செல்லும், எது செல்லாது, எந்தத் தேதி வரை என்று எல்லோருக்கும் தெரியும்படி சொல்லிவிட்டே செய்தார்கள்.

சரி, நம்ம 10 ரூபாய் காயின் கதைக்கு வருவோம்

தமிழ்நாட்டின் பல ஊர்களில் டீக்கடையிலும் பஸ்ஸிலும் கேட்ட வசனம்: "பத்து ரூபா காயின் செல்லாதுங்க, நோட்டா குடுங்க." சட்டப்படி செல்லும் பணம், ஆனால் கடைக்காரர் வாங்கமாட்டார். காரணம், வதந்தி. மேல் வளையத்தில் 10 கோடு இருந்தால்தான் அசல், 15 கோடு இருந்தால் போலி என்றார்கள். ரூபாய் குறி இல்லாதது செல்லாது என்றார்கள்.

ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் தெளிவாகச் சொன்னது: அதுவரை 14 டிசைன்களில் 10 ரூபாய் நாணயங்கள் வந்திருக்கின்றன. அத்தனையும் செல்லும். ரூபாய் குறி 2011இல்தான் நாணயத்துக்கு வந்தது. அதற்கு முன் அடித்த காசில் அது எப்படி இருக்கும்?

வதந்தி முளைத்த இடத்தைக் கவனியுங்கள். ஒரே மதிப்புள்ள நாணயம் பல டிசைன்களில் வந்தது. ஏன் வேறு வேறாக இருக்கிறது என்பது வாங்குகிறவருக்கும் தெரியவில்லை, கொடுக்கிறவருக்கும் தெரியவில்லை. நாணயம் எங்கே, எப்படி, யார் அடிக்கிறார்கள் என்று பார்த்திருக்கும் ஒரு சிறுவனுக்கு 'டிசைன் மாறினால் அச்சு மாறியிருக்கு' என்று புரியும். பார்க்காதவர்களுக்கு 'டிசைன் மாறினால் போலி' என்று தோன்றும். ஆலைக் கதவைக் குடும்பங்களுக்குத் திறந்துவிடுவதால் நாட்டுக்கு என்ன லாபம் என்ற கேள்விக்கு இதுதான் பதில்.

இந்தியாவில் நாணயம் அடிப்பது மத்திய அரசு. அதை மக்களிடம் கொண்டுசேர்ப்பது ரிசர்வ் வங்கி. மும்பை, கொல்கத்தா, ஹைதராபாத், நொய்டா என நான்கு இடங்களில் அரசு நாணயச்சாலைகள் இயங்குகின்றன. ராயல் மின்ட் போல டிக்கெட் எடுத்து உள்ளே போய், எந்திரம் ஓடுவதைக் குடும்பத்தோடு பார்த்துவிட்டு வரும் ஏற்பாடு இங்கே வழக்கத்தில் இல்லை.

ஆனாலும் போய்ப் பார்க்க இடங்கள் இருக்கின்றன. ஹைதராபாத் சைஃபாபாத்தில் உள்ள பழைய நாணயச்சாலை 2022இல் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. மும்பையில் ரிசர்வ் வங்கியின் நாணய அருங்காட்சியகம் இருக்கிறது. அதை 2004இல் திறந்துவைத்தவர் அப்துல் கலாம். சென்னைக்காரர்களுக்கு எழும்பூர் அருங்காட்சியகத்தில் நாணயப் பிரிவு உண்டு. 'மின்ட்' என்று பஸ் போர்டில் பார்க்கும் தங்கசாலைக்கு அந்தப் பெயர் வந்ததே, ஒரு காலத்தில் அங்கே நாணயம் அடித்ததால்தான்.

வீட்டிலேயே செய்து பார்க்க...

ஞாயிற்றுக்கிழமை உண்டியலைக் கொட்டுங்கள். அரை மணி நேரம் போவதே தெரியாது.

- ஆண்டுக்குக் கீழே பாருங்கள்: வைரம் போன்ற குறி இருந்தால் மும்பை. ஐந்து முனை நட்சத்திரம் ஹைதராபாத். வட்டப் புள்ளி நொய்டா. எந்தக் குறியும் இல்லையென்றால் கொல்கத்தா. உங்கள் வீட்டில் எந்த ஊர்க் காசு அதிகம் என்று பிள்ளைகளை எண்ணச் சொல்லுங்கள்.
- காந்தம் வையுங்கள்: இப்போது புழங்கும் 1 ரூபாய், 2 ரூபாய் காசுகள் பெரும்பாலும் எஃகு. காந்தத்தில் ஒட்டும். எது ஒட்டுகிறது, எது ஒட்டவில்லை என்று பிரித்து வைக்கலாம்.
- கண்ணைக் கட்டிக்கொண்டு கண்டுபிடியுங்கள்: 2019இல் வந்த புது வரிசை, பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் தடவியே அடையாளம் காணும்படி வடிவமைக்கப்பட்டது. 1 ரூபாய் 20 மில்லிமீட்டர், 2 ரூபாய் 23, 5 ரூபாய் 25, 10 ரூபாய் 27. 20 ரூபாய் நாணயமும் 27தான், ஆனால் அதற்கு 12 பக்கம். பிரிட்டனின் 1 பவுண்டு போலவே.
- 10 ரூபாய் காசுகளைத் தனியாக அடுக்குங்கள்: எத்தனை டிசைன் தேறுகிறது? 10 கோடு, 15 கோடு இரண்டும் கிடைத்தால் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். இரண்டும் அசல்தான் என்று சொல்லிக்கொடுங்கள்.

காசே இல்லாத காலத்தில் நாணயச்சாலை எதற்கு?

இந்தக் கேள்வி ராயல் மின்டுக்கே வந்துவிட்டது. ஒரு காலத்தில் உலகின் பல நாடுகளுக்கு நாணயம் அடித்துக் கொடுத்த ஆலை அது. ரொக்கப் புழக்கம் குறைந்துவருவதால், வெளிநாடுகளுக்கு நாணயம் அடிக்கும் வேலையை 2024 முடிவோடு நிறுத்துவதாக அறிவித்தது. அதே ஆண்டில், பழைய டிவி, லேப்டாப், ஃபோன் போன்றவற்றின் சர்க்யூட் போர்டுகளிலிருந்து தங்கத்தைப் பிரித்தெடுக்கும் ஆலையை அதே லான்ட்ரிசன்ட்டில் தொடங்கியது. ஆண்டுக்கு 4,000 டன் வரை கையாளும் திறன் கொண்டது. நாணயம் அடித்துப் பழகிய தொழிலாளர்களுக்கு அடுத்த வேலை வேண்டும் என்பதும் அதற்கு ஒரு காரணம்.

நம் ஊரிலும் அதே நிலைமைதான். பூக்காரம்மா கூடையில் கியூஆர் கோடு தொங்குகிறது. மிட்டாய் வாங்கக் கூட அப்பாவின் ஃபோனை நீட்டும் பிள்ளைக்கு, பணம் என்பது 'டிங்' என்ற ஒரு சத்தம். அது எங்கிருந்து வருகிறது, எப்போது தீரும் என்பது தெரியாது. பத்து ரூபாய் கொடுத்து ஆறு ரூபாய்க்கு வாங்கினால் நாலு ரூபாய் திரும்ப வர வேண்டும் என்ற கணக்கைக் கையால் எண்ணிப் பழகும் வாய்ப்பும் குறைந்துகொண்டே வருகிறது.

தமிழில் 'நாணயம்' என்றால் காசு. 'நாணயமான ஆள்' என்றால் சொன்ன சொல் தவறாதவர். லான்ட்ரிசன்ட் போக முடிந்தால் போய்வாருங்கள், பட்டனை அழுத்தி ஒரு காசு அடித்துக்கொண்டு வாருங்கள். முடியாவிட்டால், அடுத்த முறை பஸ்ஸில் யாராவது 10 ரூபாய் காயினைத் திருப்பிக் கொடுத்தால், ஆண்டுக்குக் கீழே இருக்கும் குறியை உங்கள் பிள்ளையை விட்டே காட்டிச் சொல்லவையுங்கள்: "இது ஹைதராபாத்ல அடிச்சது அண்ணா, செல்லும்!"